தட்சிணையில் போன சக்கரவர்த்தி

பணக்காரர் பழைய நாணயம் சேர்த்தால் அதை ஆராய்ச்சி என்பார்கள். குமாஸ்தா சேர்த்தால் பைத்தியம் என்பார்கள். நான் குமாஸ்தா. ஆகவே மயிலாப்பூரில் என் தெருவிலும், கடற்கரையோரம் இருந்த என் ஆபீஸிலும் எனக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

அதிலும் நான் சேர்த்தவை ரோமாபுரி நாணயங்கள். உடனே தங்கம் மின்னுவதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தங்கக் காசெல்லாம் ஜமீன்தார்களுக்கும் ஜட்ஜுகளுக்கும்தான். எனக்குக் கிடைத்தவை கரூர்ப் பக்கமும் மதுரைப் பக்கமும் வெள்ளம் வடிந்த பிறகு ஆற்று மணலில் பொறுக்கிய செப்புக் காசுகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கச்சேரி ரோட்டில் பழைய பித்தளை வாங்கி விற்ற ஒருவர் அவற்றை உடைந்த பூட்டு, நசுங்கிய சொம்புகளோடு கோணியில் போட்டு வைத்திருப்பார். என் தலையைக் கண்டதும், "வா சாமி, ராஜாமாருங்க வந்துகிறாங்க" என்று கோணியைக் கவிழ்ப்பார்.

ராஜாமார்கள் வந்திருப்பார்கள். முகம்தான் வந்திருக்காது. எத்தனையோ நூறு வருஷம் மண்ணிலும் மனிதர் கையிலும் தேய்ந்து, தலை எது பூ எது என்று தெரியாத வெறும் வட்டங்கள் அவை. ஆனால் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினால் எங்கேயாவது ஒரு மேடு தட்டுப்படும். அது மூக்கு. மூக்கு அகப்பட்டுவிட்டால் ராஜாவே அகப்பட்ட மாதிரி. உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவேன். (ஒருமுறை நான் மூக்கு என்று சொன்னது, புளி போட்டுத் தேய்த்ததும் உதிர்ந்துவிட்டது. காய்ந்த சேறு. அதை விடுங்கள்.)

புளி போட்டுத் தேய்த்தவள் என் மனைவி விசாலம். பழைய செம்பில் பச்சையாகப் படிந்திருக்கும் களிம்புதான் அதன் வயதுக்குச் சாட்சி, நாணயம் சேர்ப்பவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். நான் ஆபீஸ் போயிருந்த சமயம் பார்த்து அவள் என் சக்கரவர்த்திகள் அத்தனை பேரையும் பஞ்சபாத்திரத்தோடு சேர்த்துத் துலக்கிக் கவிழ்த்திருந்தாள்.

"களிம்பு ஏறின சாமானை ஆத்துல வெச்சுக்கப்படாதுன்னா" என்றாள். பெருமை வேறு. அன்று கோபத்தில் நான் சாப்பிடவில்லை. (மோர் சாதம் மட்டும் சாப்பிட்டேன்.)

இந்த உலகத்தில் என்னை நாணய நிபுணன் என்று நம்பிய ஒரே ஜீவன் சவரிமுத்து. ஆபீஸில் எனக்கு அடுத்த நாற்காலி, வீடு சாந்தோமில் கடலை ஒட்டி. ஒரு நாள் டிபன் வேளையில் அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"சேஷு, எங்கம்மாகிட்ட ஒண்ணு கீதுப்பா. வெள்ளி. நாலணா சைசு. ஒரு பக்கம் யாரோ ஆளு மாதிரி தெரியும்."

அவன் அம்மா கல்யாணமான புதிதில், புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் கடற்கரை மணலில் அது கிடைத்ததாம். மாதா கோயில் சாமியாரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, "வரிக்காசைக் கொண்டுவரச் சொல்லி, இது யாருடைய உருவம் என்று ஏசுநாதர் கேட்டாரே, அந்த மாதிரிக் காசு இது" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அது மாதா படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியில் குடியேறிவிட்டது. விளக்கு வைத்ததும் அந்த அம்மாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஜெபமாலை சொல்லுவார். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனது, கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தது, எல்லாம் அந்தக் காசைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது கண்ணில் புரை விழுந்து பார்வையும் மங்கிவிட்டது.

"அது இல்லாகாட்டி அம்மா பூடும், சேஷு" என்றான் சவரிமுத்து.

மனுஷனாகப் பிறந்தவன் இதைக் கேட்டதும் அந்த அம்மாளை நினைத்திருப்பான். நான் நினைத்தது திபேரியஸை. ஏசுநாதர் காலத்தில் ரோமாபுரியை ஆண்ட சக்கரவர்த்தி. அதுவும் வெள்ளியில்! செம்பைத் தவிர எதையும் தொட்டறியாத எனக்கு நாக்கில் ஜலம் ஊறியது. ஒரே ஒரு நாள் கொடு, வெயிலில் வைத்துப் பார்த்து, அரக்கில் அச்சு எடுத்துக்கொண்டு, இது திபேரியஸ்தானா என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன் என்று அவனைப் படுத்தி எடுத்தேன். அவனுக்கும் உள்ளூர ஆசைதான். ஒரு நாள் ஜெபம் முடிந்ததும் அம்மாவுக்குத் தெரியாமல் காசை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தான்.

"நாளிக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள இது துணி மேல இருக்கணும். அவ்ளோதான் சொல்வேன்" என்றான்.

மறுநாள் ஆவணி அவிட்டம். ஆபீஸ் போக வேண்டாம். காலையில் பூணூல் மாற்றிக்கொண்டு வந்து, மத்தியான வெயிலில் ஆராய்ச்சியை முடித்து, சாயங்காலம் சாந்தோமுக்குப் போய்விடலாம் என்பது என் திட்டம். விடிந்ததும் எழுந்து பார்த்தால் விசாலம் கிணற்றடியில் ஒரு பெரிய புளி உருண்டையோடு உட்கார்ந்திருந்தாள். பண்டிகைப் பாத்திரம் துலக்குகிறாளாம். இந்தக் காசை வீட்டில் வைத்துவிட்டுப் போவதா? அதைவிடப் புலிக் கூண்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

ஆகவே இடுப்பிலேயே செருகிக்கொண்டேன். பஞ்சகச்சத்தில் பை கிடையாது. வலது மடியில் திபேரியஸ். சடங்கு நடத்திவைக்கும் வாத்தியாருக்குத் தட்சிணை கொடுக்கப் புத்தம்புது நாலணா ஒன்று வைத்திருந்தேன், அதை இடது மடியில் செருகினேன். வலது பக்கம் ரோமாபுரி, இடது பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு குளக்கரை மண்டபத்துக்குப் போனேன்.

ஆவணி அவிட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று நடக்கிற சடங்கில் பாதி நேரம் பூணூலை இடம் மாற்றுவதிலேயே போய்விடும். சாம்பு வாத்தியார் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு "பூணல் வலம்!" என்பார். எல்லாரும் ஒரு தோளுக்கு மாற்றுவோம். "இடம்!" என்பார். மறு தோளுக்கு மாற்றுவோம். "மாலை!" என்பார். கழுத்தில் போட்டுக்கொள்வோம். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை நம் விலாவில் இடிக்கும். அவரைப் பார்த்து மாற்றினால் அவர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டிருப்பார். வலம் இடம், இடம் வலம் என்று இது ஓய்வதற்குள் என்னிடம் கொஞ்சநஞ்சம் இருந்த திசை ஞானமும் போய்விட்டது.

அந்த நிலைமையில்தான் வாத்தியார், "தட்சிணையை எடுத்துக்கோங்கோ" என்றார். இடுப்பில் கையை விட்டேன். வழவழவென்று ஒரு நாலணா அகப்பட்டது. வெற்றிலையில் வைத்து, துளசி வைத்து, தீர்த்தம் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு "ந மம" என்றேன்.

"ந மம" என்றால் 'என்னுடையது அல்ல' என்று அர்த்தம். என் ஆயுளில் அவ்வளவு சத்தியமான வார்த்தையை நான் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி, அரக்கு, மெழுகுவத்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இடுப்பை அவிழ்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் கிரீடத்தோடு என்னைப் பார்த்தார். மறுபக்கம் தடவினேன். வேஷ்டியை உதறினேன். தரையில் தவழ்ந்தேன். விசாலம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன்னா, என்ன ஆச்சு? பேயறைஞ்சாப்பல இருக்கேளே!" என்றாள். ஐந்தாம் ஜார்ஜைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினேன்.

குளக்கரையில் வாத்தியார் இல்லை. மாம்பலம் போய்விட்டார் என்றார்கள். அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, மயிலாப்பூர் வக்கீல்களில் பாதிப் பேர் அங்கே பங்களா கட்டிக் குடிபோயிருந்தார்கள். வாத்தியாரும் அவர்களைத் தொடர்ந்து போக வேண்டியதாகிவிட்டது. நான் ஒரு ஜட்காவைப் பிடித்தேன்.

"இன்னா சாமி, மேல துணிகூட இல்லாம ஓடியாற? ஊட்ல சண்டையா?" என்றார் வண்டிக்காரர்.

"சீக்கிரம் போப்பா!"

"குதிரைக்கு வயசாயிடுச்சி நைனா. அது போறப்பதான் போவும்."

அவர் சொன்னபடியேதான் அது போயிற்று. தேனாம்பேட்டைத் தோப்புகளைத் தாண்டுவதற்குள் பிள்ளையார் முதல் முனீஸ்வரன் வரை எல்லாருக்கும் வேண்டிக்கொண்டுவிட்டேன். அந்த அம்மாள் விளக்கேற்றிவிட்டு வெறும் துணியைத் தடவிப் பார்ப்பது மாதிரி கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. அழுகையும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஜட்காவில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

மாம்பலத்தில் ஒரு வக்கீலின் புது பங்களாக் கூடத்தில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. வரிசை வரிசையாக வக்கீல்கள். நடு மந்திரத்தில் வாத்தியாரைக் கூப்பிட முடியாது. நான் வாசற்படியில் நின்று கையை ஆட்டியதை அவர் தப்பாக அர்த்தம் செய்துகொண்டு, உட்காரும் என்று ஜாடை காட்டினார். உட்கார்ந்தேன். மறுபடியும் வலம், மறுபடியும் இடம், மறுபடியும் புதுப் பூணூல். ஒரே நாளில் ஆவணி அவிட்டத்தை இரண்டு தடவை செய்துகொண்ட பிராமணன் சென்னைப் பட்டணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் தட்சிணைத் தட்டு என் முன்னாலும் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் ஐந்தாம் ஜார்ஜையும் கொடுத்துவிட்டு, தட்டோடு சேர்த்து வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாத்தியாரே, காலம்பற நான் குடுத்த நாலணா..."

"ஓ! அது நீர்தானா!" என்று வாத்தியார் குரலை உயர்த்தினார். இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "பாருங்கோ எல்லாரும். வருஷம் பூரா கடைக்காரன் வாங்காத காசையெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிண்டிருந்து, ஆவணி அவிட்டத்தன்னிக்கு என் தட்டுல போடறா. மூஞ்சி இல்லாத நாலணா, ஆற்காட்டுக் காசு, எல்லாம் இதுலதான் சேர்த்துண்டு வரேன். நாளைக்குத் தட்டானாத்துக்குப் போறது. உருக்கி என் பொண்ணுக்குக் கொலுசு பண்ணிடப் போறேன்!"

என் மானம் கப்பலேறியது. ஆனால் ஒரு வேடிக்கை, அந்தக் கூடத்தில் இருந்த ஒரு வக்கீலும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் கவனமாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். வாத்தியாரின் கோபம் இறங்கிவிட்டது. முகத்தில் கவலை வந்துவிட்டது.

"தத்தம் பண்ணியாச்சே ஓய்! ஜலம் விட்டுக் குடுத்ததைத் திருப்பி வாங்கினா குடுத்தவனுக்கும் பாவம், வாங்கினவனுக்கும் பாவம். நான் என்ன செய்வேன்?"

வீட்டுக்காரரான வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாத்தியாரே, இவர் ந மம சொன்னாரா?"

"சொன்னார்."

"என்ன அர்த்தம்?"

"என்னுது இல்லைன்னு அர்த்தம்."

"அவ்வளவுதானே! காசு தன்னுது இல்லைன்னு அவரே வாக்குமூலம் குடுத்துட்டார். சொந்தமில்லாத சொத்தை ஒருத்தன் எப்படித் தானம் பண்ண முடியும்? தானமே செல்லாது."

"அதெப்படி?" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். "நாம எல்லாருமேதான் ந மம சொல்றோம். உங்க வாதப்படி பார்த்தா இன்னிக்குக் குடுத்த எந்தத் தட்சிணையுமே செல்லாதே!"

அவ்வளவுதான். கூடம் ஹைகோர்ட்டாகிவிட்டது. ஒரு பக்கம் 'செல்லும்', ஒரு பக்கம் 'செல்லாது'. உள்ளேயிருந்து "அப்பம் ஆறிப் போறது, எலை போட்டாச்சு!" என்ற குரலை ஒருவரும் காதில் வாங்கவில்லை. நான் வாத்தியாரின் காலடியில் உட்கார்ந்து, "வெளக்கு வெக்கறதுக்குள்ள போகணும் வாத்தியாரே. அவாளுக்கு அது நம்மாத்து சாளக்கிராமம் மாதிரி" என்றேன்.

அந்த வார்த்தைதான் அவரைத் தைத்தது என்று நினைக்கிறேன். சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு வாழை இலையில் கொட்டினார். "இவா கேஸ் முடியறதுக்குள்ள அந்தம்மா வெளக்கேத்திடுவா. எது உம்முது? எடும்."

குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பு. விக்டோரியா ராணி தேய்ந்து கிடந்தாள், ஆற்காட்டுக் கால் ரூபாய்கள் தடித்தடியாகக் கிடந்தன. உண்மையைச் சொன்னால், இருட்டில் வாங்கி இடுப்பில் செருகிய அந்தக் காசை நான் இன்னும் வெளிச்சத்தில் ஒழுங்காகப் பார்த்திருக்கவே இல்லை. ஆனால் இத்தனை வக்கீல்களுக்கு முன்னால் நிபுணன் தெரியாது என்று சொல்லலாமா? ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். மூக்கு தெரிந்தது.

"இதுதான்!" என்றேன்.

வாத்தியார் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு மற்ற காசுகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, "நானும் வரேன், நடவும்" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். அப்பத்தையும் பாயசத்தையும் விட்டுவிட்டு என்னோடு ஜட்காவில் ஏறினார்.

சாந்தோம் போய்ச் சேரும்போது கடல்பக்கம் இருட்ட ஆரம்பித்திருந்தது. சவரிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். சட்டையில்லாத இரண்டு பஞ்சகச்சங்கள் வந்து இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. அவன் அம்மா கீழே உட்கார்ந்து வெள்ளைத் துணியை இப்படியும் அப்படியும் தடவிக்கொண்டிருந்தார்.

"சவரி, காசு எங்கடா? இங்க கையிக்கு ஆப்டலியே!"

"கீதும்மா. ஐயரு எடுத்தாந்துகிறாரு."

நான் மண்டியிட்டு என் கையிலிருந்ததை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய கட்டைவிரல் அதன் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இது இல்ல."

"அம்மா, நல்லாப் பாருங்க. அந்த மூக்கு..."

"மூக்கா? அதுக்கு ஏதுப்பா மூக்கு? மூக்கத்தான் நானே தேச்சிட்டனே!" என்றார் அந்த அம்மாள். "இவங்கப்பா கடலுக்குப் போய் கரைக்கு வர வரிக்கும் அத்தத் தேச்சிக்கினே உக்காந்திருப்பேன். ஒரு நாளு அவரு வரல. கையி மட்டும் நிக்கவே இல்ல."

தேய்ந்த காசுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தக் காசை இப்படித் தேய்த்தது யார் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வாத்தியார் வாசற்படியிலேயே நின்றிருந்தார். அன்று மடி, ஆசாரம் எல்லாம் உச்சத்தில் இருக்க வேண்டிய நாள். அவர் உள்ளே வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து அந்த வெள்ளைத் துணியில் மெதுவாகக் கவிழ்த்தார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் தள்ளினார். கட்டைவிரல் போய் ஒரு காசில் நின்றது. அதைக் கையில் மூடிக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். முடிகிற வரை நாங்கள் மூன்று பேரும் நின்றோம். சவரிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாத்தியார் கைகூப்பியபடி நின்றார்.

ஜெபம் முடிந்ததும் வாத்தியாருக்கு ஒரு இளநீர் சீவிக் கொடுத்தார்கள். பாவம், ஒரே மூச்சில் குடித்தார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "இத்தப் பாக்கணும்னா ஊட்டுக்கு வா நைனா. கையில வெச்சிக்கினு எவ்ளோ நேரம்னாலும் பாரு. தூக்கிக்கினு மட்டும் போவாத" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிறகு அடிக்கடி போனேன். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பேன். அது எந்தச் சக்கரவர்த்தி என்று மட்டும் கடைசிவரை நான் சொல்லவில்லை. சவரிமுத்து அதன் பிறகு ஆபீஸில் கஷ்டமான பைல் எது வந்தாலும், "ந மம" என்று என் மேஜைக்குத் தள்ளிவிடுவான். நானும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

சாம்பு வாத்தியார் விஷயம் வேறு விதமாகப் போயிற்று. மறு வருஷம் தட்சிணை கொடுக்கும்போது அவர் தட்டை மூடிக்கொண்டு, "மொதல்ல மூஞ்சியைக் காட்டும் ஓய்" என்றார். நான் காசைத் திருப்பி ராஜாவின் முகத்தைக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. நான் மட்டும் காட்டினால் நன்றாயிராதே என்று பக்கத்தில் இருந்தவரும் காட்டினார். அடுத்த வருஷம் வரிசை முழுக்கக் காட்டியது. செல்லாத காசு வருவது நின்றுபோனதால் வாத்தியார் இதை விடவே இல்லை. அவருக்குப் பிறகு அவர் பிள்ளை வந்தார். காசில் ராஜா முகம் போய்ச் சிங்க முகம் வந்தது. வழக்கம் மட்டும் போகவில்லை.

போன ஆவணி அவிட்டத்துக்கு என் மாப்பிள்ளை வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்பவர். எல்லாரும் காசைத் திருப்பிச் சிங்கத்தைக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர்ல கிடையாதே, என்ன தாத்பரியம்?" என்று கேட்டார். வாத்தியார் பிள்ளை பயபக்தியோடு, "இது மயிலாப்பூர் சம்பிரதாயம். பெரியவா காரணமில்லாம ஏற்படுத்தியிருப்பாளா?" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து அதை விசாலத்திடம் சொன்னார். அவள் அப்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள்.